பிரேம் எங்கே வாங்கினாலும் சரி, அண்ணா

கோவில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பிய பிரேம் படங்கள் கிடைத்தன. கீழே "மாப்பிள்ளையிடம் காட்ட வேண்டாம், தப்பாக எடுத்துக்கொள்வார்" என்று எழுதியிருந்தீர்கள். நான் காட்டிவிட்டேன். அவர் தப்பாக ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மச்சான் முகத்துக்கு இது ரொம்ப அகலம்" என்று மட்டும் சொன்னார். போனிலேயே பேசியிருப்பேன். ஆனால் இதில் எண்கள் நிறைய வருகின்றன. எழுதிக் கொடுத்தால் ஆர்டர் போடும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், அண்ணியும் படிக்கலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் நீங்கள் கேட்கத் தயங்கியதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பிரேம் வாங்குவதில் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. கடையில் 2,200 ரூபாய் சொல்கிற மாதிரியான பிரேம் போனில் 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், பெங்களூரில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டுகிற நீங்கள் யோசிக்கத்தான் செய்வீர்கள். யோசிக்கவும் வேண்டும்.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரியாக உங்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் பிரேம்களில் பாதிக்கு மேல் மாதக்கணக்கில் அசையாமல் இருக்கும். ஒருவர் வந்து ஏகப்பட்டதைப் போட்டுப் பார்த்து ஒன்றை எடுத்துப் போவார். மீதி எல்லாவற்றிலும் எங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். வாடகை, கரண்ட் பில், கண் பரிசோதிக்கிற பெண்ணின் சம்பளம் எல்லாம் அதன் தலையில்தான். இது எல்லோருக்கும் தெரிந்த காரணம். தெரியாத காரணம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் எங்களிடம் வாங்குவதில் பாதி, பொருளே இல்லை, வேலை. கண்மணிகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை அளக்கிறோம், லென்ஸை வெட்டி மாட்டுகிறோம், முகத்தில் வைத்துப் பார்த்துக் கம்பியை வளைக்கிறோம். ஆறு மாதம் கழித்து ஸ்க்ரூ கழன்று வந்தால் போட்டுக் கொடுக்கிறோம். மூக்குப் பட்டை மஞ்சளித்துப் போனால் மாற்றுகிறோம். பஸ் நெரிசலில் கோணிப்போனதை நிமிர்த்துகிறோம். இதற்கெல்லாம் யாரிடமும் காசு வாங்குவதில்லை. அந்த உழைப்பின் விலை முழுவதும் பிரேம் விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

பிளவுஸ் துணியை எந்தக் கடையில் வேண்டுமானாலும் எடுக்கிறோம். தையல்காரர் அளவெடுத்துத் தைத்து, கூலி வாங்கிக்கொள்கிறார். துணியை என்னிடம் ஏன் எடுக்கவில்லை என்று அவர் கேட்பதில்லை. எங்கள் தொழிலில்தான் கூலியையும் சேர்த்துத் துணியின் விலையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால்தான் இணையத்தில் துணி மட்டும் பாதி விலைக்குத் தெரிந்தவுடன், கடைக்காரர்கள் எல்லோரும் இவ்வளவு நாள் ஏமாற்றினார்கள் என்று ஜனங்களுக்குத் தோன்றுகிறது. கடைக்காரருக்கோ வெளியில் வாங்கிய பிரேமோடு வருகிறவரைப் பார்த்தாலே கோபம் வருகிறது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. விலை சொல்கிற முறையில்தான் கோளாறு. நான் இவரிடம் பேசிப் பேசி, சென்ற வருடம் கடையில் ஒரு அட்டை மாட்ட வைத்தேன். வெளியில் வாங்கிய பிரேமுக்கும் லென்ஸ் போட்டுத் தரப்படும், மாட்டுக்கூலி 200 ரூபாய், முகத்துக்குச் சரிசெய்தும் தரப்படும் என்று. முன்பு கடைப்பக்கமே வராத காலேஜ் பிள்ளைகள் இப்போது வருகிறார்கள். லென்ஸ் எங்களிடம் போட்டுக்கொள்கிறார்கள். கூலியை முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள்.

ஆக, என் கருத்து இதுதான் அண்ணா: பிரேமை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். உங்கள் பவருக்கு லென்ஸை மட்டும் உங்கள் முகத்தை நேரில் பார்க்கிற ஒருவர் போடட்டும். அவருக்குரிய கூலியைக் கொடுங்கள்.

இப்போது எண்கள். நீங்கள் போட்டிருக்கும் கண்ணாடியைக் கழற்றி, காதில் மாட்டும் கம்பியின் உட்புறத்தைப் பாருங்கள். 52, ஒரு குட்டிச் சதுரம், 18, பிறகு 140 என்று இருக்கும். 52 என்பது ஒரு லென்ஸின் அகலம், 18 மூக்கின் மேல் உட்காரும் பாலத்தின் அகலம், 140 காதுக் கம்பியின் நீளம். எல்லாம் மில்லிமீட்டரில். இணையத்தில் எந்த நல்ல கடையும் பிரேமின் படத்துக்குக் கீழே இந்த மூன்றையும் போட்டிருக்கும். போடாத கடையில் வாங்காதீர்கள். மீடியம், லார்ஜ் என்று போட்டிருப்பதை நம்பி வாங்கவும் வேண்டாம். ஒருவருடைய மீடியம் இன்னொருவருடைய லார்ஜாக இருக்கும்.

அடுத்தது பி.டி. இரண்டு கண்மணிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். உங்களுக்கு 62. போன தடவை நீங்கள் ஊருக்கு வந்தபோது இவர் எடுத்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். லென்ஸ் அகலத்தையும் பால அகலத்தையும் கூட்டுங்கள். அந்தத் தொகை பி.டி.க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நீங்கள் ஆசைப்பட்ட முதல் பிரேம் 56, 18. கூட்டினால் 74. உங்கள் 62-க்கு 12 அதிகம். அப்படியென்றால் ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 6 மில்லிமீட்டர் மூக்குப் பக்கமாகத் தள்ளி வெட்ட வேண்டும். மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும்; பள்ளிக்கூடத்திலிருந்து அதைச் சுமக்கிறீர்கள். மையம் உள்ளே போகப் போக, காதுப் பக்க ஓரம் அவ்வளவுக்கவ்வளவு தடிக்கும். அதையே 48, 18 என்ற பிரேமில் போட்டால் தொகை 66. ஒவ்வொரு பக்கமும் 2 மில்லிமீட்டர் தள்ளினால் போதும். உங்கள் இடது கண்ணின் மைனஸ் 6 பவருக்குச் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் இந்த ஒரு மாற்றமே ஓரத் தடிமனை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குறைத்துவிடும். கண்ணாடியைக் கையில் எடுத்தாலே எடையில் தெரியும். மெல்லிய லென்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். போடலாம், 1.67 எண் லென்ஸ் உங்களுக்கு நல்லதுதான், விலைதான் கூடும். முதலில் பிரேமைச் சின்னதாக எடுத்துவிட்டால் பாதி வேலை செலவில்லாமலே முடிந்துவிடும்.

முகத்தில் பிரேமை ஒட்டிக் காட்டும் வசதி போனில் இருக்கிறதே என்று அண்ணி கேட்டார்களாம். வடிவமும் நிறமும் முகத்துக்கு எடுபடுகிறதா என்று பார்க்க அது உதவும். ஆனால் மூக்கெலும்பு எங்கே மேடாகிறது, சிரிக்கும்போது பிரேமின் அடிவிளிம்பு கன்னத்தில் இடிக்கிறதா, காதின் பின்னால் கம்பி எங்கே மடிய வேண்டும் என்பதெல்லாம் அந்தப் படத்தில் தெரியாது. உங்களுக்கு அப்பாவின் மூக்கு. மேலே எலும்பு அவ்வளவு எடுப்பாக இருக்காது. பிரேமோடு சேர்த்தே வார்த்த பட்டை உள்ள பிளாஸ்டிக் பிரேம் உங்களுக்கு வழுக்கிக்கொண்டே வரும். அந்தப் பட்டையை நகர்த்த முடியாது. தனிக் கம்பியில் மாட்டிய மூக்குப் பட்டை உள்ள மெட்டல் பிரேமாக எடுங்கள். அந்தக் கம்பியை உள்ளேயும் வெளியேயும் வளைத்து உங்கள் மூக்குக்கு உட்கார வைத்துவிடலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது டைட்டானியம் என்று போட்டிருந்தால் நல்லது. மலிவான கலவை உலோகம் நம் ஊர் வியர்வைக்குத் தாங்காது. மேல்பூச்சு போய், மூக்குப் பட்டையின் அடியில் பச்சையாகக் களிம்பு படியும், சிலருக்குத் தோல் அரிக்கும். கடையில் அப்படி வரும் கண்ணாடிகளை நான் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் கொடுப்பேன். கொஞ்ச நாளில் திரும்பவும் படியும். டிஆர்90 என்று போட்டு விற்கிற பிரேம் இறகு மாதிரி லேசாக இருக்கும், வளைத்தாலும் உடையாது. ஆனால் அந்த வளையும் குணத்தாலேயே நாம் வளைத்த இடத்தில் நிற்காமல் பழையபடி திரும்பிவிடும். காதுக்குச் சரிசெய்து கொடுப்பது சிரமம். செல்லுலோஸ் அசிடேட் பிரேமைச் சூடுகாட்டினால் சொன்னபடி கேட்கும்.

பிரேமோடு லென்ஸும் சேர்த்து இணையக் கடைக்காரர்களே போட்டு அனுப்பட்டும் என்று ஏன் நான் சொல்லவில்லை? பிரெண்டிஸ் விதி என்று எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. சார்லஸ் பிரெண்டிஸ் என்ற அமெரிக்கக் கண்ணாடி நிபுணரின் பெயரில் வழங்குவது. லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக இல்லாமல் விலகியிருந்தால், விலகிய மில்லிமீட்டரைப் பவரால் பெருக்கிப் பத்தால் வகுங்கள்; கண் சமாளிக்க வேண்டிய பிரிசம் எவ்வளவு என்று வரும். மைனஸ் 1 பவர் உள்ளவருக்கு மையம் 3 மில்லிமீட்டர் தவறினால் 0.3. பெரும்பாலும் உணரவே மாட்டார். அதே 3 மில்லிமீட்டர் உங்கள் மைனஸ் 6-க்கு 1.8. இரண்டு கண்ணையும் ஒன்றாக வைத்துக்கொள்ளத் தசைகள் நாள் முழுக்க இழுபறிப்படும். சாயங்காலம் தலைவலியோடு வீட்டுக்கு வருவீர்கள். பவர் சரியில்லை என்று நினைத்து மறுபடி கண் பரிசோதனைக்குப் போவீர்கள். பவர் சரியாகத்தான் இருக்கும்.

ஏடிஎம் கார்டை நெற்றியில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினால் இணையக் கடைக்காரர்களும் பி.டி. கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தக் கார்டின் அகலம் எந்த வங்கியுடையதானாலும் 85.6 மில்லிமீட்டர், அதையே அளவுகோலாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் போனைப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கும்போது கண்கள் உட்பக்கமாகக் குவியும். தலை லேசாகத் திரும்பியிருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அப்படி இப்படி ஆகும். சின்ன பவருக்கு அது போதும். உங்களுக்குப் போதாது. உங்களுக்கு சிலிண்டர் பவரும் இருக்கிறது. அது குறிப்பிட்ட டிகிரியில் நிற்க வேண்டிய பவர். பிரேம் ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் இறங்கி உட்கார்ந்தால் அந்த டிகிரியும் சேர்ந்து சாயும்.

அதனால்தான் முகத்துக்கு உட்கார வைக்கிற வேலையை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன். இவர் அதைச் செய்வதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். எல்லோரும் அந்த நேரத்தில் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள். முதலில் கம்பிகளை விரித்து, பிரேமைக் கண்ணாடி மேஜையில் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். ஒரு விரலால் ஒரு முனையைத் தட்டுவார். ஆடினால் கோணல். நிமிர்த்திய பிறகு முகத்தில் மாட்டி, எதிரே தன் கண்ணும் உங்கள் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும்படி குனிந்து பார்ப்பார். பிறகு காதின் பின்னால் கட்டைவிரலை விட்டு, கம்பி எந்த இடத்தில் எலும்பைத் தொடுகிறது என்று தடவுவார். அந்த இடத்தில் நகத்தால் லேசாக ஒரு கோடு. சூடான காற்று அடிக்கும் கருவியில் கம்பி முனையைக் காட்டி, அந்தக் கோட்டில் வளைப்பார். "தலையைக் குனிங்க, ஆட்டுங்க" என்பார். கண்ணாடி இறங்காமல் நின்றால்தான் விடுவார். இதைத் தபாலில் அனுப்ப முடியாது.

மலிவாகக் கொடுக்க வேண்டும் என்றால் இதையெல்லாம் விட்டுவிடத்தான் வேண்டும் என்று நினைக்காதீர்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. அவர்கள் கிராமத்துக்குக் கிராமம் நடத்தும் முகாம்களில் கண்ணைப் பரிசோதித்து, அங்கேயே லென்ஸ் வெட்டி மாட்டி, குறைந்த விலையில் கையில் கொடுத்துவிடுகிறார்கள். விலையைக் குறைத்தார்கள், ஆளை நேரில் பார்த்து அளவெடுப்பதைக் குறைக்கவில்லை. இணையத்தில் பிறந்த கம்பெனிகளும் அந்த வழிக்குத்தான் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் வார்பி பார்க்கர், நம் நாட்டில் லென்ஸ்கார்ட் இரண்டுமே 2010-ல் தொடங்கி இணையத்தில் விற்றவை. இன்று இரண்டுக்கும் தெருவில் கடைகள் இருக்கின்றன. அப்படி ஒரு கிளை உங்கள் வீட்டுப் பக்கம் இருந்தால், போனில் பிரேமைப் பார்த்துவிட்டு அங்கே நேரில் போய் அளவு கொடுப்பதும் நல்ல வழிதான்.

இன்னொன்று. கண்ணாடி போட்டுக்கொண்டே போனைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறீர்களாம், அண்ணி சொன்னார்கள். 44 வயதில் வெள்ளெழுத்து வருவது இயல்பு, கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த கண்ணாடி புரோகிரசிவாக இருக்கப்போகிறது என்றால், அதை மட்டும் முழுக்க முழுக்க ஒரே கடையில் போடுங்கள். அதில் தூரத்துக்கு மேலே, கம்ப்யூட்டருக்கு நடுவில், படிப்பதற்குக் கீழே என்று பவர் படிப்படியாக மாறும். நீங்கள் நேராகப் பார்க்கும்போது கண்மணி பிரேமுக்குள் எந்த உயரத்தில் நிற்கிறது என்று, அந்த பிரேமையே மாட்டி, டெமோ லென்ஸின் மேல் மார்க்கரால் புள்ளி வைத்து அளக்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக. பிரேமின் உயரமும் போதுமானதாக இருக்க வேண்டும். ரொம்பக் குட்டையான பிரேமில் படிக்கிற பகுதி வெட்டுப்பட்டுப் போகும். புரோகிரசிவ் ஒத்துக்கொள்ளவில்லை என்று கழற்றி வைத்தவர்களில் பலருக்குப் புள்ளி தப்பியிருந்ததுதான் காரணம் என்பதை எங்கள் கடையிலேயே பார்க்கிறேன்.

பாப்பா விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்லுவேன். அவளுக்கு மைனஸ் 1.50தானே, சின்ன பவர்தானே என்று இணையத்தில் பார்க்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு மூக்குப் பாலம் இன்னும் எழும்பவில்லை. கண்ணாடி இறங்கிக்கொண்டே வரும். அவள் மேல்விளிம்புக்கு மேலாகப் பார்க்கப் பழகிவிடுவாள். அப்படியானால் கண்ணாடி போட்டும் போடாத மாதிரிதான். விளையாடும்போது வளைப்பாள், ஸ்க்ரூவைத் தொலைப்பாள். பள்ளிவிட்டு வரும் வழியில் சரிசெய்துகொள்ள நடந்துபோகிற தூரத்தில் ஒரு கடை வேண்டும். லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். பந்து பட்டாலும் லேசில் உடையாது. பவரைக் கண் டாக்டரிடம், சொட்டு மருந்து விட்டுத்தான் பார்க்க வேண்டும். குழந்தைகள் கண்ணை இறுக்கிப் பார்த்து இல்லாத மைனஸைக் காட்டிவிடுவார்கள். அந்தக் கண்ணாடி பழகி, அளவெல்லாம் தெரிந்த பிறகு, அவள் ஆசைப்படுகிற ரோஸ் கலரில் ஒரு உபரிக் கண்ணாடியை இணையத்தில் வாங்கிக் கொடுங்கள்.

பெங்களூரில் உங்கள் தெருக் கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது என்றும் சொல்லிவிடுகிறேன். பிரேமை ஆர்டர் போடுவதற்கு முன்பே போய், "வெளியில் வாங்கிய புது பிரேமுக்கு லென்ஸ் போட்டுத் தருவீர்களா, கூலி எவ்வளவு, மாட்டும்போது பிரேம் உடைந்தால் யார் பொறுப்பு?" என்று கேளுங்கள். உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று அவர் சொன்னால் கோபப்படாதீர்கள். எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாத பிரேமைச் சூடுகாட்டும்போது எங்களுக்கும் நெஞ்சு படபடக்கும். பி.டி.யை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக எடுத்துச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குப் பணம் கேட்டால் கொடுங்கள். லென்ஸை அவரிடமே வாங்குங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் அண்ணா. அவர் கடையில் உட்கார்ந்து பிரேம் பிரேமாகப் போட்டுப் பார்த்து, கம்பியில் உள்ள மாடல் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து இணையத்தில் ஆர்டர் போடுவது. எங்கள் கடையில் அதைச் செய்கிறார்கள். ஒரு மணி நேரம் நின்று எடுத்துக் காட்டிய பிறகு, "யோசித்துச் சொல்கிறோம்" என்று போகிறவரின் கையில் போன் இருப்பதைப் பார்க்கும்போது மனம் ரொம்பவே வலிக்கும். அவர் முதலிலேயே "எனக்கு அளவு மட்டும் சொல்லுங்கள், அதற்கு உண்டானதைத் தருகிறேன்" என்று கேட்டிருந்தால் சந்தோஷமாகவே சொல்லியிருப்பேன்.

நீங்கள் அனுப்பியதில் கடைசிப் படம், கறுப்பு மெட்டல் பிரேம், எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது. அதில் 48, 18 அளவு கிடைக்கிறதா பாருங்கள். காதுக் கம்பி இப்போது உள்ளதைப் போல 140 இருக்கட்டும். இப்போதைக்கு அதில் தூரப்பார்வைக்கு மட்டும் லென்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பார்த்து ஆர்டர் போடுங்கள். பார்சல் வந்ததும் மேஜையில் கவிழ்த்து வைத்துத் தட்டிப் பாருங்கள், பிறகு வெறும் பிரேமை முகத்தில் மாட்டி நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். சரியாக உட்காராவிட்டால் லென்ஸ் போடுவதற்கு முன்பே திருப்பிவிடலாம்.

அம்மாவைப் புரை ஆபரேஷன் ஆன கண்ணைக் காட்ட அடுத்த மாதம் மதுரைக்கு அழைத்துப் போகிறோம். நீங்களும் அந்த வாரம் லீவு போட்டு வந்தால் அம்மாவுக்குத் தெம்பாக இருக்கும். தேதி முடிவானதும் சொல்கிறேன். அண்ணிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

உங்கள் அன்புத் தங்கை